காதில் கேட்கும் இரைச்சல்: எது தானே அடங்கும், எதற்கு மருத்துவரை நாட வேண்டும்?

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஜெயங்கொண்டம் வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொதுப் பேரவைக் கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். செயலாளர் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். உறுப்பினர்கள் கை உயர்த்தி ஏற்றனர். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரும் எல்லாத் தீர்மானங்களுக்கும் கை உயர்த்தினார். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது அவர் நம்மிடம் மெல்ல வந்து, "ஐயா, இந்த வருஷம் பங்கு ஈவு உண்டா, இல்லையா? என்ன முடிவு பண்ணினாங்க?" என்று கேட்டார். நாம் வியந்து, "நீங்களும் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினீர்களே, பெரியவரே!" என்றோம். "பக்கத்துல இருக்கிறவர் தூக்கினார், நானும் தூக்கினேன். காதுக்குள்ள எந்நேரமும் சில்வண்டு கத்துதுங்க. அது கத்துற கத்துல செயலாளர் படிக்கிறது எங்கே கேட்குது?" என்றார்.

அவருடைய கையெழுத்து தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. தீர்மானம் அவர் செவிக்கு எட்டவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் அடிப்படையாக இருக்க, அந்த வாக்கைச் செவியிலுள்ள சில்வண்டு கொண்டுபோய்விட்டது. இளமையில் மேற்கே விசைத்தறிக் கூடங்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டுப் பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பிக் கைத்தறியில் அமர்ந்தவர் அவர். இரைச்சல் தொடங்கிப் பத்தாண்டு ஆகிறதாம். ஒரு மருத்துவரிடமும் காட்டியதில்லையாம். "வயசானா வர்றதுதானே" என்று முடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நாம் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களிலெல்லாம் இதனைக் கேட்டு வருகிறோம். கேட்டால் பத்துப் பேரில் ஓரிருவராவது "ஆமாம், எனக்கும் உண்டு" என்கின்றனர். உலக அளவிலும் வயது வந்தோரில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினர் இவ்விரைச்சலை அறிந்தவர் என மதிப்பிடப்பட்டிருக்கிறது. நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெரிந்துகொண்டதை, உறுப்பினர்களுக்குப் பயன்படும் அளவில் இங்கு எழுதுகிறோம்.

இரைச்சலைப் புரிந்துகொள்ளச் செவியின் அமைப்பைச் சற்றே அறிய வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையில் மோதுகிறது. பறையின் அசைவை மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உட்செவிக்கு அனுப்புகின்றன. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் நீர் நிறைந்திருக்கிறது; நீரின் அசைவுக்கு ஏற்ப ஆடும் நுண்மயிர் உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு காதில் இவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் முடிச்சிட்டு ஓட்டிவிடுகிறோம். இந்த நுண்மயிர் உயிரணு ஒன்று அழிந்தால் மனித உடல் அதனை மீண்டும் முளைப்பிப்பதில்லை. பிறக்கும்போது பெற்ற மூலதனம் அவ்வளவே. பின்னர் பற்று உண்டே தவிர வரவு இல்லை.

வெளியே ஒலி ஏதும் இன்றியே காதில் 'ஙொய்' என்றோ, 'உஸ்' என்றோ, சில்வண்டு போலவோ, சங்கை வைத்துக் கேட்பது போலவோ ஒலி தோன்றுவதைக் காதிரைச்சல் என்கிறோம். இது பெரும்பாலும் நோய் அன்று, ஒரு குறி. பழைய வானொலிப் பெட்டியைக் கையாண்டவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். தொலைவிலுள்ள நிலையம் மங்கிப்போகும்போது நாம் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுவோம். பாட்டு வராது, இரைச்சல்தான் கூடும். உட்செவியிலிருந்து மூளைக்கு வரும் செய்தி குறையும்போது மூளையும் இவ்வாறே தன் குமிழைத் திருகுகிறது என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து. இதனாலேதான், செவிப்புலன் குறைந்தோரிடம் இரைச்சல் மிகுதியாகக் காணப்படுகிறது.

அப்படியானால் காதில் ஒலி கேட்ட அனைவரும் அஞ்ச வேண்டுமா? வேண்டியதில்லை. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், செவி நன்கு கேட்கும் 80 பேரை வெளியொலி புகாத அறையில் அமர்த்திக் காதில் என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். அவர்களுள் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாக எழுதினர். அதாவது, முழு அமைதியில் நலமுள்ள செவியும் தனக்குத்தானே பாடிக்கொள்கிறது. இரவில் தறி நின்று, ஊர் அடங்கி, பாயில் படுத்தபின் மெல்லிய ரீங்காரம் கேட்பதும், காலையில் சந்தடி தொடங்கியதும் அது மறைவதும் இவ்வகையே. இரு காதுகளையும் விரலால் அடைத்தால் கேட்கும் குமுறலும் நம் தசை, இரத்த ஓட்டம் ஆகியவற்றின் ஒலிதான்.

இன்னொரு வகையும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென ஒரு காது அடைத்தாற்போல் ஆகி, 'கீ' என்று ஓர் ஒலி எழுந்து, சில நொடிகளில் அல்லது ஒரு நிமிடத்துக்குள் தேய்ந்து மறைந்துவிடும். யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பாட்டிமார் கூறுவது இதைத்தான். யார் பேசினாலும் பேசட்டும். எப்போதோ ஒருமுறை வந்து உடனே மறைவதற்கு மருத்துவம் தேவையில்லை. சளி பிடித்திருக்கும்போது காதடைப்பதும், பச்சைமலைச் சாலையில் ஏறி இறங்கும்போது 'டொப்' என்று காது திறப்பதும் நடுச்செவியின் காற்றழுத்தத்தைப் பொறுத்தவை. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ சரியாகும்.

இனி, நம் தொழிலோடு நேரே தொடர்புடைய காரணத்துக்கு வருவோம். ஒலியே அந்தக் காரணம்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பருத்தி ஆலைகள் ஓங்கியிருந்த காலத்தில், அங்குள்ள நெசவாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தறிகளின் முழக்கத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காதாகையால் உதட்டசைவாலேயே பேசிக்கொண்டனர். அதற்கு 'மீ-மா' என்று ஒரு பெயரும் இருந்தது. வேடிக்கையான செய்தி போலத் தோன்றும். ஆனால் ஆலையை விட்டு வீட்டுக்கு வந்த பின்னும் அவர்களுள் பலருக்கு உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு விளங்கியது என்பதை நினைத்தால் வேடிக்கை போய்விடும். ஸ்காட்லாந்தில் டண்டீ என்னும் நகரம் சணல் நெசவுக்குப் பேர்போனது. நம் வங்காளத்துச் சணல்தான் அங்கே சென்றது. அந்நகரின் நெசவாளர்களைச் சோதித்து 1965-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தறிக்கூடத்தில் கழித்த ஆண்டுகள் கூடக் கூடச் செவிப்புலன் குறைந்திருப்பதைக் காட்டியது. அதனை ஒட்டி நடந்த மற்றோர் ஆய்வில், வயது முதிர்ந்த நெசவாளர்களுள் மிகப் பலர் பொதுக்கூட்டங்களில் பேச்சு விளங்காமல் இடர்ப்படுவதாகக் கூறினர். இதனைப் படித்தபோது நமக்கு ஜெயங்கொண்டத்துப் பெரியவர் நினைவுக்கு வந்தார்.

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அளவால் குறிப்பர். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். விசைத்தறிக் கூடம் 100-ஐ ஒட்டி நிற்பதுண்டு. இந்த அளவைக்கு ஒரு விந்தையான கணக்கு உண்டு. நம் சங்கக் கணக்கர்கள் கவனிக்க வேண்டும். 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வல்லுநர் பலர் கைக்கொள்ளும் வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கிறது. ஆகவே நேரம் பாதியாக வேண்டும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு 1 மணி. 100-க்கு வந்தால் 15 நிமிடம் மட்டுமே! எட்டு மணி நேரம் காப்பின்றி அங்கே நிற்பவர், ஒரே நாளில் 32 நாள் ஒதுக்கீட்டைச் செலவழிக்கிறார். இப்படிக் கணக்கு வைத்த சங்கம் எதையும் நாம் கலைக்கப் பரிந்துரைக்காமல் விட்டதில்லை.

கைத்தறியின் ஒலி விசைத்தறியின் ஒலிக்கு ஈடாகாது. இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் வீட்டுத் தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்வோர் அந்த வகையில் நற்பேறு உடையவர்களே. ஆனால் பலர் ஆண்டில் சில மாதம் விசைத்தறிக்குச் சென்று திரும்புகின்றனர். பயிர்த்தொழில் செய்யும் உறுப்பினர்களோ தமக்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். கூரையற்ற டிராக்டரில் நாள் முழுதும் உழுவோர், பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் களங்களில் கதிரடிக்கும் இயந்திரத்தின் வாயில் நின்று கதிர் கொட்டுவோர், அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் துளையிடும் இயந்திரத்துக்குக் கூலிக்குச் செல்வோர் ஆகிய எல்லோரும் இதே கணக்கில் வருவர். அளவு கருவி இல்லாத இடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. கைநீட்டினால் தொடும் தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அவ்விடத்து ஒலி செவிக்குத் தீங்கு செய்யும் அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

அத்தகைய வேலை முடிந்து வீடு திரும்பிய பின் காதில் 'ஙொய்' என்று கேட்டு, மறுநாள் காலையில் அடங்கிவிடுகிறதல்லவா? அடங்கிவிட்டதென்று மகிழ்கிறோம். உண்மையில் அது செவி அனுப்பிய நினைவூட்டுக் கடிதம். நுண்மயிர்கள் துவண்டு, ஓய்வால் நிமிர்ந்திருக்கின்றன. நாள்தோறும் துவண்டால் ஒருநாள் நிமிராது. திருவிழாவில் அதிர்வேட்டுக்கு அருகே நின்றாலும், தீபாவளியன்று காதருகே வெடி வெடித்தாலும் ஒரே நொடியில் அதே கேடு நேரலாம். சென்ற பங்குனித் திருவிழாவில் நாமே வேட்டுச் சட்டிக்குப் பத்தடியில் நின்று வேடிக்கை பார்த்து, இரவெல்லாம் காதில் மணி அடிக்கக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம். பட்டப்படிப்பு படித்ததால் அறிவு வந்துவிடுவதில்லை! வெடிக்குப் பின் காது மந்தமாகவே இருந்தாலோ, வலித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெறும் இரைச்சலாயின் ஓரிரு நாள் பார்க்கலாம். அதற்குள் அடங்காவிட்டால் காட்டிவிட வேண்டும்.

காப்பு முறை எளியது. மருந்துக்கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற நுரை அடைப்பான்களை விரலால் உருட்டிச் சிறிதாக்கி, காதுமடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, விரியும் வரை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். விலை அற்பமே. பஞ்சையோ கழிவு நூலையோ உருட்டிச் செருகிக்கொள்ளும் வழக்கம் தறிக்கூடங்களில் இருக்கிறது. அது மனத்துக்கு ஆறுதல் தருமேயன்றிச் செவிக்குக் காப்பு தராது.

ஒலியல்லாத காரணங்களும் உண்டு. குறும்பி திரண்டு அடைத்துக்கொண்டாலே காது மந்தமாகி இரைச்சல் கேட்கும், எடுத்ததும் போகும். எடுக்க வேண்டியவர் மருத்துவரே. ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு, தார்க்குச்சியின் முனை என நம் உறுப்பினர்கள் காதுக்குள் செலுத்தும் பொருள்களின் பட்டியலை எழுதினால் இந்த இதழ் போதாது. குறும்பி உட்சென்று இறுகுவதும், செவிப்பறை கிழிவதும் இவற்றால் விளைவன. காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் அத்தகையதே. ஏற்கெனவே பறையில் துளை இருப்பின் எண்ணெய் நேரே நடுச்செவிக்குச் சென்று சீழ் வைக்கும். சூடு தவறினால் புண்ணும் ஆகும். காதில் சீழ் வடிபவரும் நீரிழிவு உடையவரும் இவ்விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சில மருந்துகளும் இரைச்சலை உண்டாக்கும். ஆஸ்பிரின் மிகுந்த அளவில் உட்கொண்டால் வரும். நிறுத்தினால் பெரும்பாலும் போகும். காசநோய்க்கு முன்னாளில் பெரிதும் வழங்கிய ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்துகள் உட்செவியையே தாக்கக்கூடியவை. அந்த இனத்து ஊசிகள் வேறு நோய்களுக்கு இன்றும் பயன்படுகின்றன. மருந்து தொடங்கியபின் இரைச்சல் வந்தால், மருந்தை நாமே நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உடனே கூற வேண்டும்.

இப்போது, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய இரண்டாவது நிகழ்ச்சியைக் கூறுகிறோம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் உறுப்பினர் ஒருவர். வயது 45 இருக்கும். ஒருநாள் காலையில் எழுந்தபோது வலக்காது அடைத்தாற்போல் இருந்தது. உள்ளே பெருங்காற்று வீசுவது போல ஓசை. முதல்நாள் இரவு வரை நன்றாகக் கேட்ட காது. நீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிப்பார்த்தார். மனைவியார் எண்ணெய் காய்ச்சி ஊற்றினார். வெங்காய அறுவடைக் காலம். ஆள் கிடைப்பது அரிது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினார். குறும்பிதான், ஊறி வரட்டும் என்று ஒருவர் கூற, மேலும் சில நாள் கழிந்தன. விளைச்சலைத் திருச்சிச் சந்தைக்குக் கொண்டுசென்ற வேளையில்தான் அங்கே செவி மருத்துவரைக் கண்டார். அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. மருத்துவர் உள்ளே நோக்கிவிட்டு, குறும்பி எதுவுமில்லை, அடைப்பும் இல்லை, நரம்பு வழிச் செவிப்புலன் இழப்பு இது என்று கூறினார். "முதல் வாரத்திலேயே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம்" என்றும் கூறினாராம்.

திடீர்ச் செவிப்புலன் இழப்பு என்பது இதன் பெயர். மூன்று நாளுக்குள், பெரும்பாலும் ஓர் இரவிலேயே, ஒரு காது கேளாமற்போகும். இரைச்சல் உடன் வரும். சிலருக்குத் தலைச்சுற்றலும் சேரும். பெரும்பாலோருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. ஸ்டீராய்டு வகை மருந்தே முதன்மைச் சிகிச்சை. அதனை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே பயன் தரும் காலம். சிலருக்கு மருந்தின்றியே கேள்வி திரும்புவதும், சிலருக்கு மருந்திட்டும் திரும்பாதிருப்பதும் உண்டு. ஆகவே அந்த உறுப்பினர் முதல் வாரத்தில் சென்றிருந்தால் நலம் பெற்றிருப்பார் என்று நாம் உறுதி கூற மாட்டோம். ஆனால் அவருக்கு இருந்த வாய்ப்பு தவணை கடந்துவிட்டது. அது புதுப்பித்துக்கொள்ளக் கூடிய தவணை அன்று. இன்றும் அவர் வலப்பக்கம் நின்று பேசினால் திரும்பிப் பார்ப்பதில்லை. சாலையில் வரும் வண்டி எந்தப் பக்கம் வருகிறதென்று அறிவதும் அவருக்குக் கடினமாகிவிட்டது.

காதடைப்பு குறும்பியாலா, நரம்பாலா என்று வீட்டிலேயே ஓரளவு ஊகிக்க ஒரு வழியை ஒரு மருத்துவர் நமக்குக் கூறினார். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். அடைத்த காதிலேயே அந்த ஒலி உரத்துக் கேட்டால் குறும்பி, சளி போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் உரத்துக் கேட்டால் நரம்புக் குறையாக இருக்கலாம். இது சோதனையன்று, ஊகமே. எவ்வாறு கேட்டாலும், ஓரிரவில் ஒரு காது மந்தமானவர் அறுவடையையோ ஒப்படைக்க வேண்டிய சேலையையோ காரணம் காட்டாமல் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

விரைந்து காட்ட வேண்டிய வேறு சில இரைச்சல்களும் உள்ளன. இரு காதிலும் சமமாகக் கேட்கும் இரைச்சலைவிட, ஒரே காதில் விடாது கேட்கும் இரைச்சலை மருத்துவர்கள் கருத்துடன் ஆராய்கின்றனர். அரிதாகச் செவி நரம்பில் கட்டி வளர்வதன் முதற்குறியாக அது இருக்கக்கூடும். நாடித் துடிப்போடு ஒத்து 'தப், தப்' என்றோ 'உஷ், உஷ்' என்றோ கேட்பது மற்றொரு வகை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு இரைச்சலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இரத்த ஓட்டத்தின் ஒலியே அது. இரத்தச் சோகையும் உயர் இரத்த அழுத்தமும் இதற்குக் காரணமாகலாம். தலை, கழுத்து இரத்தக் குழாய்களின் குறையாகவும் இருக்கலாம். பாவு ஓட்டியும் தார் சுற்றியும் உழைக்கும் நம் சகோதரிகளிடம் இரத்தச் சோகை மலிந்திருப்பதால், அவர்கள் இவ்வொலியைக் கேட்டால் நாணிச் சும்மா இருந்துவிடக் கூடாது. உலகம் சுழல்வது போன்ற தலைச்சுற்றலும் வாந்தியும், காது நிறைந்தாற்போன்ற உணர்வும், இரைச்சலும், மந்தமும் சேர்ந்து விட்டு விட்டு வருமாயின் அது மெனியர் நோயாக இருக்கலாம். 1861-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் மெனியர், இத்தகைய தலைச்சுற்றலின் தோற்றுவாய் மூளையன்று, உட்செவியே என்று எடுத்துக்காட்டியதால் அவர் பெயர் பெற்றது.

இரைச்சலோடு முகம் ஒருபுறம் கோணுதல், பேச்சுக் குழறுதல், கைகால் தளர்தல் ஆகியவற்றுள் எதுவேனும் தோன்றினால் யோசனைக்கே இடமில்லை; 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டபின் காதில் இரைச்சலோ நீர்க்கசிவோ கண்டாலும் அவ்வாறே.

எங்கே செல்வது? முதலில் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். குறும்பி, சீழ், இரத்த அழுத்தம், இரத்தச் சோகை ஆகியவற்றை அங்கேயே பார்த்துவிடலாம். செவியை அளந்து பார்க்க வேண்டியிருந்தால் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, 2022-இல் தொடங்கப்பெற்ற அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ செல்லலாம். ஆனால் ஓரிரவில் காது மந்தமானவர் படிப்படியாகச் செல்ல வேண்டியதில்லை. நேரே காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே செல்க. மருத்துவர் விளக்கால் உள்ளே நோக்குவார். கவை ஒன்றைத் தட்டி நெற்றியில் வைத்துக் கேட்பார். பின்னர் ஒலி புகாத அறையில் அமர்த்திச் செவிப்புலனை வரைபடமாக எடுப்பர். வலி எதுவும் கிடையாது. அந்த வரைபடத்தை எறிந்துவிடாமல், பாஸ்புத்தகத்தோடு வைத்துக்கொள்க. அடுத்த ஆண்டு எடுத்துப் பார்த்தால் குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட அதுவே தொடக்க இருப்பு.

செல்லுமுன் சிலவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் மருத்துவரின் நேரமும் மிஞ்சும், நம் நினைவும் தடுமாறாது: எந்தக் காது, எந்த நாளில் தொடங்கியது, விடாது கேட்கிறதா, விட்டுவிட்டா, நாடியோடு ஒத்ததா, கேள்வி குறைந்ததா, தலை சுற்றியதா, என்னென்ன மருந்து உண்கிறோம், எத்தனை ஆண்டு எந்த இயந்திரத்தருகே உழைத்தோம். கடைசிக் கேள்வியை மருத்துவர் கேட்க மறந்தாலும் நெசவாளர் தாமே கூறுதல் நன்று.

காரணம் தீரக்கூடியதாயின் இரைச்சலும் தீரும். நெடுநாள் ஒலியில் உழைத்ததாலோ முதுமையாலோ வந்த இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இன்று வரை இல்லை. இதனைக் கேட்டு உறுப்பினர்கள் மனம் தளரலாம். ஆயினும் 'மூன்று பாட்டிலில் காதிரைச்சல் போகும்' என்னும் விளம்பரத்தை நம்பி வெங்காய விற்பனைப் பணத்தைத் தொலைப்பதைவிட உண்மையை அறிவது மேல். தணிக்கும் வழிகள் உண்டு. கேள்வி குறைந்தவருக்குக் காதொலிக் கருவி பொருத்தினால், வெளியொலி உள்ளே வரத் தொடங்கியதும், மூளை தன் குமிழைச் சற்றே தணித்துக்கொள்வதுண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியே தகுதியுடையோருக்கு அக்கருவியை விலையின்றி வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. இரவில் முழு அமைதியில் படுக்காமல், மின்விசிறியின் ஓசையோ மெல்லிய வானொலியோ உடனிருக்கப் படுத்தால் இரைச்சல் பின்தள்ளப்படும். இரைச்சலை எதிரியாக எண்ணி அதையே கவனித்துக்கொண்டிருக்கும் மனத்தைப் பழக்கி மாற்றும் உளவியல் முறையும் நற்பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவெல்லாம் உறக்கமின்றி, வாழ்வே வேண்டாம் என்னும் அளவுக்குச் சிலர் சோர்ந்துபோவதும் உண்டு. அதனை அவர் கோழைத்தனம் என்று வீட்டார் எள்ளக் கூடாது. 104 என்னும் எண்ணில் அரசின் உடல்நல ஆலோசனை கிடைக்கும்.

ஜெயங்கொண்டத்துப் பெரியவர் இவ்வாண்டு தை மாதத்தில் செவிச் சோதனை செய்துகொண்டார். இரு காதுகளிலும் உயர்சுருதி ஒலிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. விசைத்தறி ஆண்டுகளின் தழும்பு என்றார்களாம். இப்போது கருவி அணிகிறார். சில்வண்டு போய்விட்டதா என்று கேட்டோம். "இருக்குதுங்க. ஆனா தூரத்து மரத்துக்குப் போயிடுச்சு" என்றார். அச்சங்கத்தின் நிர்வாகக் குழு ஒரு சிறு முடிவு செய்திருக்கிறது: பேரவையில் காது மந்தமான உறுப்பினர்களுக்கு முன்வரிசை, ஒவ்வொரு தீர்மானமும் இருமுறை படிக்கப்படும், சுவரிலும் எழுதி ஒட்டப்படும். சென்ற கூட்டத்தில் பெரியவர் முன்வரிசையில் அமர்ந்து, சாயச் செலவுக் கணக்கில் 340 ரூபாய் எங்கே போயிற்று என்று செயலாளரைக் கேட்டுவிட்டார். அந்த ரசீதைத் தேடி எடுக்க நமக்கும் அரைமணி நேரம் ஆயிற்று.